உடம்பில் ஒட்டாதது

மாவு மூட்டை இறக்குகிறவன் நான்.
ஸ்மாரா முகாமில் நிவாரண லாரி வந்து நிற்கும் நாளில்
வெள்ளையாகித்தான் கூடாரம் திரும்புவேன்.
இமையில் கோதுமை, காது மடலில் கோதுமை,
இருமினால் கோதுமை.
மற்ற பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வார்கள்.
சுயெல்மா நடந்து வருவாள்,
பாதி வழியில் உட்கார்ந்துவிட்டு.

எட்டு வயது.
ஐந்து வயதுத் தங்கையின் சட்டை
அவளுக்குச் சரியாக இருந்தது,
வயிற்றருகே மட்டும் பொத்தான் எட்டாமல்.

"எவ்வளவு பொறுமையான பெண்!
கேட்காது, அழாது, சண்டை பிடிக்காது"
என்று அடுத்த கூடாரத்து மிய்னா புகழ்வாள்.
நாங்களும் பெருமையாகத் தேநீர் ஊற்றிக் கொடுப்போம்,
மூன்று கோப்பை, முறைப்படி.

தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்றாள் என் மனைவி முனினா.
கண்ணேறு என்றார்கள்; கழுத்தில் தாயத்துத் தோல் ஏறியது.
தொட்டித் தண்ணீர் என்றார்கள்; கொதிக்கவைத்தோம்.
பல் மஞ்சளாய்க் கோடு விழுந்தபோது
அது வேறு நோய் என்று நினைத்தோம்.
முடி உதிர்ந்தது, அது வேறு.
பள்ளியில் அலிஃப் எழுதுமுன் தூங்கிப்போனாள்,
அது சோம்பல்.
மண் மேட்டில் சறுக்கி, ஒரு முழ உயரம்கூட இல்லை,
மணிக்கட்டு முறிந்தது. அது விதி.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம்.
எல்லாவற்றுக்கும் நான் வைத்திருந்த மருந்து ஒன்றுதான்:
ரொட்டி.
சூடான மணலில் சுட்டு, சாம்பல் தட்டி,
"இன்னும் ஒரு துண்டு, தேறிவிடுவாய்" என்று
நானே பிய்த்து
நானே வாயில் திணித்தேன்.

கையைக் கட்ட வந்த செவிலி தெக்பெர்
கையைப் பார்க்கவில்லை.
நகத்தைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள்,
வயிற்றைத் தட்டினாள், தர்பூசணி வாங்குகிறவள்போல.
ரத்தம் எடுத்து அனுப்பி, ஏழு வாரம் கழித்து வந்து
எங்கள் கம்பளத்தில் தேநீர்த் தட்டு வைக்கும் இடத்தைக் காட்டினாள்.
"இங்கே பஞ்சு தேய்ந்து நூல் தெரிகிறதே,
இவள் குடல் உள்ளே இப்படித்தான்.
பிடித்துக்கொள்ள இழையில்லை.
இரும்பு வழுக்கிப் போகிறது, சுண்ணாம்பு வழுக்கிப் போகிறது.
எலும்பு என்ன செய்யும்?
தேய்க்கிறது எது தெரியுமா, லஹ்பீப்?"
என் சட்டையைப் பார்த்தாள்.

அன்றிரவு வெளியே போய்
உதறினேன், உதறினேன்.
நிலா வெளிச்சத்தில் அது பறந்தது,
அழகாகத்தான்.

பிறகு அரிசி, சோள மாவு, அவளுக்கென்று தனிச் சட்டி.
சோள மாவு வராத மாதங்களும் இருந்தன;
அப்போது அரிசியும் பருப்பும், பருப்பும் அரிசியும்.
விருந்துக்குப் போன இடத்தில் ரொட்டியை மறுப்பது
வீட்டாரை அறைவதுபோல;
முனினா சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டாள்.
நான் சட்டையை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு
குளிரில் நடுங்கியபடி உள்ளே வருகிறேன்.

பத்தாவது மாதம்.
லாரியிலிருந்து திரும்பும்போதே கூச்சல் கேட்டது.
மிய்னாவின் மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்,
ஒற்றைச் செருப்போடு சுயெல்மா நிற்கிறாள்,
மற்றொன்று இப்போதுதான் பறந்து முடிந்திருக்கிறது.
"என் பந்து!" என்கிறாள். அந்தக் குரல்
எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

மிய்னா வந்தாள்.
"உங்கள் பொறுமைசாலிக்கு என்ன ஆயிற்று?"

அது பொறுமை இல்லை, மிய்னா.
எட்டு வருடம் அது பசி.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் மகள் என்னைப் பார்த்துவிட்டாள்,
ஓடி வருகிறாள், முதல்முறையாக, நிற்காமல்.
நான் கையை நீட்டித் தடுத்து
அவசர அவசரமாய்ப் பொத்தானைத் தேடுகிறேன்.